துடுப்புக்காரன் பற்றி நான் சொன்ன பொய்

ஃபாரிஸ்,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வரவில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் போகிறது. ஊரில் இருக்கிற உன் பெரியவாப்பா, மாமிமார், ஜித்தா ஷரஃபியாவில் கடை வைத்திருக்கிற உன் மச்சான்மார் எல்லாரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். அந்தப் பொய்யை எல்லாருக்கும் சொன்னவன் நான். உனக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்கத் திணறும். ஷார்ஜாவில் பள்ளிக்கூடம் போன பிள்ளை, அது உன் குற்றமில்லை. உம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அவளும் இதை முதல் தடவையாகத்தான் கேட்கப்போகிறாள். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன்னை உட்காரவைத்தேன். நீ குரலை உயர்த்தினாய், நான் அதற்கு மேல் உயர்த்தினேன், கடைசியில் கதவு அறைந்து சாத்தப்பட்டது. நம் வீட்டில் பேச்சு இப்படித்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நீ வியட்நாம் கிளம்புகிறாய். மில்காரர்களை நம்பி உட்கார்ந்திருந்தது போதும், மேகாங் கழிமுகத்துக்கே போய்ப் படகுகளில் நேரடியாக அரிசி வாங்குவோம் என்று சொன்னது நீதான். நல்ல யோசனை. ஆனால் போன வாரம் சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாய். "அந்தத் துடுப்புக்காரன் இன்னும் உயிரோட இருந்தா, தேடிப் புடிச்சு ரெண்டு குடுத்துட்டுத்தான் வாப்பா வருவேன்." உம்மா சிரித்தாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன். அந்தச் சோறும் அந்த ஆற்று அரிசிதான்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் குடோனில் நடந்ததைப் பேசிவிடுகிறேன். நம் லோடிங் ஆள் ஷோஹெல் மூட்டையை ஃபோர்க்லிப்டில் ஏற்றும்போது இரண்டு சாக்கு கிழிந்து அரிசி கொட்டியது. நீ போய் அவன் காதோடு சேர்த்து அறைந்தாய். முழுக் கையால், உடம்பைத் திருப்பி, பழகினவன் அறைவது போல அறைந்தாய். நான் மேலே ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது. கேட்டதற்கு நீ சொன்னாய், "ஆளப் பாத்து அடிக்கலன்னா அவனுங்க நம்மள அடிச்சிருவானுங்க. ஒங்களுக்கு நடந்தது மறந்து போச்சா வாப்பா?" ஷோஹெலை நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். எப்படி ஆனது என்று கேட்டதும், ஷோஹெல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "போரி கிர் கயா சாப்" என்றான். மூட்டை விழுந்துவிட்டதாம். விசாவுக்குப் பயந்து உன்னைக் காப்பாற்றினான். நான் பக்கத்தில் நின்று அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். மறுநாள் நான் வற்புறுத்தியதால் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அவனிடம் சாரி சொன்னாய். "மாஃபி முஷ்கில் பாய்" என்றான் அவன். பிரச்சினை இல்லையாம். அவனுக்கு இன்றைக்கும் இடது காது சரியாகக் கேட்பதில்லை. முவைலாவில் அவன் ரூமுக்குப் போய், கூட இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்க, அறைந்தது என் மகன்தான் என்று நேற்று நான் சொல்லிவிட்டு வந்தேன். கிளினிக்கிலும் சொல்லிவிட்டேன். அவன் புகார் கொடுத்தால் நான் தடுக்கப்போவதில்லை. உன் மூஞ்சி இப்போது எப்படி ஆகும் என்று தெரியும். ஆகட்டும்.

நீ அறைந்த விதம் எனக்குப் பழக்கமானது. பத்தொன்பது வயதில் துபாய் தேராவில் ஒரு மொத்த அரிசிக் கடையில் வேலைக்கு வந்து சேர்ந்தேன். முதலாளி நம் ஊர்க்காரர்தான், ஐந்து வேளையும் தொழுகிறவர். தராசுத் தட்டைக் கழற்றி முதுகில் அடிப்பார். ரம்ஜான் மாதத்தில் ஒருநாள் நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு மலையாளிப் பையனை அடித்ததில் அவன் வாயிலிருந்து பேரீச்சம்பழம் தெறித்து விழுந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்தோம். நான்கு வருடம் அடி வாங்கினேன். ஐந்தாவது வருடம் என்னை லோடிங்குக்கு மேஸ்திரி ஆக்கினார். முதல் நாளே நான் ஒருத்தனை அறைந்தேன். முதலாளி என் தோளில் தட்டி, "இப்பத்தான் நீ ஆளாயிருக்கே" என்றார். அந்தத் தட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் நான் கழிமுகத்துக்குப் போக ஆரம்பித்தேன். லேபர் கேம்ப் மெஸ்களுக்கெல்லாம் நொய்யும் நடுத்தர அரிசியும் அங்கிருந்துதான். நீ போய்ப் பார்க்கப்போகிறாய், இருந்தாலும் சொல்கிறேன். ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் பல கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலிருந்தும் நூறு வாய்க்கால் போகிறது. தெரு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அங்கே தண்ணீர். பெட்ரோல் பங்க், முடிவெட்டும் கடை, சவப்பெட்டி செய்கிறவன் கடை, எல்லாம் வாசலை ஆற்றைப் பார்த்து வைத்திருக்கும். படகின் முன்பக்கத்தில் இரண்டு கண் வரைந்திருப்பார்கள். காய்கறி விற்கும் படகில் நீளமான மூங்கில் கழியை நட்டு, பூசணியோ அன்னாசியோ எது சரக்கோ அதை உச்சியில் கட்டித் தொங்கவிடுவார்கள், கூவ வேண்டியதில்லை. மில் பக்கம் போனால் உமி எரிகிற சாம்பல் பறந்து வந்து தேநீரில் விழும். கடல் ஏற்றம் வந்தால்தான் சின்ன வாய்க்காலுக்குள் லோடு படகு நுழையும், வடிந்துவிட்டால் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் யாரையும் 'ஜல்தி, யல்லா' என்று விரட்ட முடியாது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அரிசிப் படகுக்காரர்கள் வாய்க்கால் வாய்க்காலாகப் போய் விவசாயிகளிடம் நெல் வாங்கி, மில்லில் அரைத்து, மூட்டை கட்டித் துறைக்குக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு வீடும் படகுதான். முன்பக்கம் சரக்கு, பின்பக்கம் குடும்பம். நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்கும், அவ்வளவுதான் சுவர். வாங்க வருகிறவன் முன்பக்கம் உட்கார்ந்து முதலில் தேநீர் குடிக்க வேண்டும். பிறகு படகுக்காரரே இரண்டு மூட்டையைப் பிரித்துக் காட்டுவார். அதற்குப் பிறகு நீ எந்த மூட்டையைக் கேட்டாலும் பிரிப்பார். ஆனால் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள் கூப்பிடாமல் போகக்கூடாது. இதை மில் குமாஸ்தா எனக்கு முதல் பயணத்திலேயே அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் சிரித்தேன். தேராவில் நான் படித்த பாடம் வேறு. காட்டுகிற மூட்டை எப்போதும் நல்லதாக இருக்கும், ஈர மூட்டை கடைசி வரிசையில் இருக்கும், விற்கிறவன் எந்த இடத்தில் உன்னைத் தடுக்கிறானோ அந்த இடத்தில், மூட்டையைக் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கிற குத்தூசியைப் போடு. அந்தப் பாடம் குடோனில் எனக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

நீ கேட்டு வளர்ந்த கதை இது. வாப்பா தனியாகப் படகில் ஏறினார், படகுக்காரன் பையைப் பறிக்க வந்தான், வாப்பா விடவில்லை, அவன் துடுப்பால் அடித்துத் தாடையை உடைத்தான், வாப்பா ரத்தத்தோடு நீந்திக் கரை சேர்ந்தார். உன் பெரியவாப்பா வீட்டு நிக்காஹ் விருந்தில் இதைச் சொன்னபோது சபை முழுவதும் வாயைப் பிளந்து கேட்டது. பத்து வயதில் நீ என் மடியில் உட்கார்ந்து, "அப்புறம் வாப்பா, அப்புறம்?" என்று கேட்பாய். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கூடுதலாக நீந்தினேன்.

நடந்தது இது. அந்த வாரம் முழுவதும் மழை. குமாஸ்தா போன் பேசக் கரைக்குப் போய்விட்டார். படகின் முன்பக்கம் நானும் படகுக்காரரும் மட்டும். தேநீர் ஊற்றி வைத்தார், நான் குடிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு சாக்கைத் தொட்டேன், ஈரமாக இருந்தது. தலைக்கு ஏறிவிட்டது. மூட்டைகளின் மேலே ஏறிப் பின்பக்கம் போனேன். அவர் ஓடிவந்து தார்ப்பாய்க்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. பிறகு கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார். யாரோ தூங்குகிறார்கள் என்று ஜாடை.

ஃபாரிஸ், அந்த ஜாடை எனக்கு விளங்கியது. பதினைந்து வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொள்ளாத விஷயம் அதுதான். விளங்கியும் நம்பவில்லை. ஈர மூட்டையை மறைக்க நடிக்கிறான் என்று நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், கெஞ்சுகிற மாதிரி, அழுத்தாமல். நான் இடது கையால் அவர் முகத்தில் அறைந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, அப்போதும் அவர் திருப்பி அடிக்கவில்லை, நகரவும் இல்லை. அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயின் மேலேயே குத்தூசியை இறக்கினேன். நம் குடோனில் இருக்கிறதே, அதே முழ நீளக் குத்தூசி. உள்ளே சாக்கு இருந்தால் கரகரவென்று ஒரு சத்தம் வரும், கைக்குத் தெரியும். அந்தச் சத்தம் வரவில்லை. ஒரு அலறல் வந்தது.

தார்ப்பாயின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். எட்டு வயதுப் பெண்குழந்தை. காய்ச்சலில் படுத்திருந்தது. தோளுக்குக் கீழே மேல்கையில் இறங்கி எலும்பில் பட்டு நின்றது. நான் பயத்தில் அதைப் பிடுங்கினேன், பிடுங்கியிருக்கக் கூடாது. ரத்தம் தார்ப்பாயில் பீய்ச்சி அடித்தது. குழந்தையின் தாய், பின்கோடியில் மீன் நறுக்கும் பலகைக்கு முன்னால் இருந்து எழுந்து வந்தவள், அப்படியே நின்றாள், அவள் கையில் பாதி நறுக்கிய மீன். அதற்குப் பிறகுதான் துடுப்பு வந்தது. முதல் அடி தாடையில். பல் தெறித்ததை நாக்கால் உணர்ந்தேன். இரண்டாவது அடி தோள்பட்டை எலும்பில். கீழே விழுந்தேன். மூன்றாவது விலாவில். நான்காவது தலைக்கு ஓங்கினார். என்னைக் கொல்லத்தான் ஓங்கினார், அதில் சந்தேகமில்லை, அவர் இடத்தில் நான் இருந்தால் மூன்றோடு நின்றிருக்க மாட்டேன். அந்த நேரம் குழந்தை மறுபடி கத்தியது. அவர் துடுப்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நான் உயிரோடு இருப்பது அந்தச் சத்தத்தால். நான் நீந்தவும் இல்லை. பலகை வழியாகத் தவழ்ந்து கரைக்கு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. தாடையைக் கட்டிவிட்டார்கள், பேச முடியாது. காகிதமும் பேனாவும் கொடுத்தார்கள். உண்மையை எழுத நாலு வரி போதும். என் பையைப் பறிக்க வந்தான், இழுபறியில் குத்தூசி குழந்தை மேல் பட்டுவிட்டது என்று எழுதினேன். மில்காரர்களுக்கு வெளிநாட்டு வியாபாரி வேண்டும், குமாஸ்தாவுக்கு வேலை வேண்டும், யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அவரை இரண்டு வருடம் உள்ளே போட்டார்கள். அந்த இரண்டு வருடத்தில் படகு போனது. அவர் மனைவி ஒரு மீன் ஆலையில் தண்ணீரில் நின்று மீன் அறுக்கிற வேலைக்குப் போனாள். குழந்தையின் கை தோளுக்கு மேலே எழுவதே இல்லை. இதெல்லாம் குமாஸ்தா பிற்பாடு போனில் சொன்னது. நான் கேட்டுவிட்டு, அடுத்த கண்டெய்னர் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். அந்தத் துறைக்கு மட்டும் அதன்பிறகு போகவில்லை. அந்த அரிசியை விற்றுத்தான் உன் காலேஜ் பீஸ் கட்டினேன்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் தாடைக்கட்டோடு திரும்பி வந்த அந்த மாதம், நீ என் போனைக் கீழே போட்டாய். எனக்கு வாயைத் திறக்க முடியாது, திட்ட முடியாது. அறைந்தேன். நீ போய்க் குளியலறைக் குழாயில் விழுந்து கீழுதடு கிழிந்தது. உம்மா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "புள்ளைய இப்படியா அடிப்பாங்க?" என்றாள். டீச்சர் கேட்டால் விளையாடும்போது விழுந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நீ அப்படியே சொன்னாய். பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கிளினிக்கில் ஷோஹெல் வாயைத் திறந்தபோது எனக்கு உன் குரல் கேட்டது. மன்னித்துவிடு என்று இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் உம்மாவிடமும் கேட்கிறேன், அவள் பதினைந்து வருடமாக முன்பின் தெரியாத ஒரு மனிதரைச் சபித்து துஆ செய்திருக்கிறாள்.

'கோபம் ரத்தத்திலேயே இருக்குது' என்று நம் வீட்டில் பெருமையாகச் சொல்வோம். எனக்கு அது ரத்தத்தில் இருந்ததில்லை மகனே. முதலாளிக்கு முன்னால் எனக்குக் கோபமே வராது. கஸ்டம்ஸ் ஆபீசர் முன்னால் வராது. என் விசாவைக் கையில் வைத்திருக்கிற கஃபீல் கெட்ட வார்த்தை சொன்னால்கூடச் சிரிப்பேன். திருப்பி அடிக்க முடியாதவனைப் பார்த்தால் மட்டும் வரும். நீ யாரிடமெல்லாம் கோபப்பட்டாய் என்று உட்கார்ந்து யோசித்துப் பார். நான் யோசித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் புகார் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த ஊர் வக்கீல் ஒருவர் வழியாகப் போன வாரம் அனுப்பிவிட்டேன். அதற்கு என்ன தண்டனையோ வரட்டும். ஓய்வுபெற்ற குமாஸ்தாவைத் தேடிப் பிடித்து அந்தப் பெண்ணின் நம்பரும் வாங்கினேன். அவளுக்கு இப்போது இருபத்துமூன்று வயது, வேறொரு நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாள். நான் யார் என்று சொன்னேன். சொல்லுங்கள் என்றாள். ஜாடை எனக்கு விளங்கியது என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். நான் நேரில் வந்து உன் வாப்பாவின் காலில் விழுகிறேன் என்றேன். நீங்கள் வரக்கூடாது என்றாள். குரலை உயர்த்தாமல் மூன்று தடவை சொன்னாள். உங்கள் முகத்தை அவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் தொடங்கியதை முடித்துவிடுவார், மறுபடி ஜெயிலுக்குப் போவார்.

என் மகன் அந்தத் துறைக்கு அரிசி வாங்க வருகிறான் என்று அப்போதுதான் சொன்னேன். உன்னை எதைச் சொல்லி வளர்த்தேன் என்பதையும், குடோனில் நீ செய்ததையும் மறைக்கவில்லை. வாப்பாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்து, மதியம் குடோனில் லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். உங்கள் மகனுக்கு என் அப்பாவின் பெயர் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, நான் ஒருநாளும் சொன்னதில்லை என்றேன். முகம் தெரியுமா? தெரியாது. அப்படியானால் சொல்லாதீர்கள் என்றாள். அவள் வாப்பா இப்போது இன்னொருவர் படகில் கூலிக்கு ஓட்டுகிறாராம், அதே துறையில். உங்கள் மகன் வரட்டும், அரிசி வாங்கட்டும், நாங்கள் தடுக்க மாட்டோம். அப்பா எல்லாரோடும் அங்கே இருப்பார், அவர் கையால் ஊற்றிய தேநீரையே உங்கள் மகன் குடிக்கலாம், அவர் தோளில் ஏற்றிய மூட்டையையே வாங்கலாம். உங்கள் மகன் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தோன்றினால் ஒருநாள் அவரே வந்து தன் பெயரைச் சொல்வார். தோன்றாவிட்டால் சொல்ல மாட்டார். இதுதான் அவர் சொல்லச் சொன்னது என்றாள்.

அதனால் நான் அவர் பெயரை எழுதவில்லை, நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்தத் துறையில் வயசான படகுக்காரர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள், மகனே.

வாப்பா